உங்களுக்குத் தெரியுமா? பீரங்கிக்கு முன்னால் மாறிய போர்முறைகள்

பூவரசங்குளத்தில் எங்கள் பின்வளவில் ஒரு பள்ளம் இருக்கிறது. இப்போது அதற்குள் இரண்டு வாழை நிற்கின்றன. மாரி தொடங்கினால் முதலில் தண்ணீர் தேங்குவது அங்கேதான். போன மாதம் அயல்வீட்டுப் பிள்ளை ஒருத்தி எட்டிப் பார்த்துவிட்டு, "மாமா, கிணறு வெட்டிப்போட்டுப் பாதியில விட்டிட்டீங்களோ?" என்று கேட்டாள். "பங்கர் பிள்ளை" என்றேன். அவளுக்கு விளங்கவில்லை. போர் முடிந்த 2009க்குப் பிறகு பிறந்தவள்.

அவளுக்குச் சொல்லத் தொடங்கியவற்றை எழுதிவைக்கலாம் என்று தோன்றியது. எதிரியிடம் பெரிய வெடி இருந்தால் படைகள் நிற்கும் இடமும் நடக்கும் வழியும் மாறிவிடும். ஐந்நூறு வருடங்களாக எங்கள் மண்ணில் நடந்தது இதுதான்.

● நாங்கள் "துவக்கு" என்கிறோம், தமிழ்நாட்டில் "துப்பாக்கி" என்கிறார்கள். இரண்டும் ஒரே துருக்கிச் சொல்லிலிருந்து வந்தவை. சிங்களத்தில் "துவக்குவ". "பீரங்கி"யோ ஐரோப்பியரைக் குறித்த "பிரங்கி" என்ற பாரசீகச் சொல்லின் வழி வந்தது. "பறங்கி"யும் அதன் பிள்ளைதான். கொண்டுவந்தவனின் பெயரே ஆயுதத்துக்கு ஆகிவிட்டது.

● 1505இல் போர்த்துக்கேயர் கொழும்பில் இறங்கிய செய்தி கோட்டை அரசனுக்கு எப்படிப் போனது என்பதை "ராஜாவலிய" என்ற சிங்கள வரலாற்று நூல் சொல்கிறது. வந்தவர்கள் இரும்புச் சட்டை போட்டிருக்கிறார்கள், கல்லைத் தின்று இரத்தம் குடிக்கிறார்கள் என்றார்களாம். பாணும் வைன் மதுவும் அப்படித் தெரிந்திருக்கின்றன. அவர்களுடைய பீரங்கிச் சத்தம் இடியை விடப் பெரிது என்றும், குண்டு நெடுந்தூரம் பறந்து கோட்டையையே உடைக்கும் என்றும் சொன்னார்கள். போர் தொடங்கும் முன்பே பயம் தொடங்கிவிட்டது.

● அந்தப் பீரங்கிகள் 1560இல் யாழ்ப்பாணத்துக்கு வந்தன. போர்த்துக்கேய அரசப் பிரதிநிதி கொன்ஸ்தந்தினோ டி பிறகன்சா பெரும் கப்பற்படையோடு வந்து நல்லூரைப் பிடித்தான். முதலாம் சங்கிலி மன்னன் தலைநகருக்குள் அடைபட்டுச் சாகவில்லை. கோப்பாய்ப் பக்கமாகப் பின்வாங்கி வன்னிக் காட்டுக்குள் போய்விட்டான். துரத்தி வந்த படையைப் பசியும் நோயும் பிடித்தன. உடன்படிக்கை பேசி முடிந்த கையோடு குடாநாட்டுச் சனம் கிளர்ந்தது. கடைசியில் போர்த்துக்கேயர் யாழ்ப்பாணத்தை விட்டு மன்னாருக்குப் போய் அங்கே கோட்டை கட்டினார்கள். மன்னார்க் கோட்டை பிறந்த கதை இதுதான். நல்லூரைப் பிடிப்பதோடு வேலை முடிந்துவிடும் என்று நினைத்து வந்தவர்களுக்கு, அதற்கு அப்பால் ஒரு காடு இருப்பது பிறகுதான் தெரிந்தது.

● கண்டி அரசர்கள் நாட்டைச் சுற்றியிருந்த காட்டை வெட்ட விடவில்லை. உள்ளே போகும் பாதைகள் ஒற்றையடிப் பாதைகளாகவே இருந்தன. அவற்றின் குறுக்கே முட்கதவுகள் போட்டுக் காவல் வைத்திருந்தார்கள். 1660 முதல் 1679 வரை கண்டி நாட்டில் சிறைப்பட்டிருந்த ரொபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயன் இதையெல்லாம் கண்ணால் பார்த்து எழுதியிருக்கிறான். பாதை அகலமாக இருந்தால்தானே பீரங்கி வண்டி வரும்?

● அந்தக் காலத் துவக்குக்கு மழை பெரும் எதிரி. எரியும் திரியைக் கொண்டு மருந்தைப் பற்றவைக்க வேண்டும். திரி நனைந்தால் துவக்கு வெறும் தடி. அம்புக்கும் ஈட்டிக்கும் அந்தக் கவலை கிடையாது. ஊவாப் பக்கம் போய்த் திரும்பிக்கொண்டிருந்த கொன்ஸ்தந்தினோ டி சா என்ற போர்த்துக்கேயத் தளபதி 1630 ஓகஸ்டில் ரந்தெனிவெலவில் மழையில் மாட்டித் தன் படையோடு அழிந்தான். கூட இருந்த உள்ளூர் வீரர்கள் கட்சி மாறியதும் அந்தத் தோல்விக்குக் காரணம்.

● பெரிய பீரங்கியை மலைக்கு ஏற்ற முடியாது என்று கண்ட சிங்களக் கொல்லர்கள் தாங்களே ஒரு சின்னப் பீரங்கி செய்தார்கள். பெயர் "கொடித்துவக்கு". கால் வைத்து நிற்கும், வெட்டுக்கிளி மாதிரி. ஆட்கள் தூக்கிக்கொண்டு காட்டுப் பாதையால் போகலாம், வைத்துச் சுடலாம், தூக்கிக்கொண்டு மறையலாம். நூதனசாலைகளில் இன்றும் பார்க்கக் கிடைக்கிறது.

● யாழ்ப்பாணக் கோட்டை ஏன் ஐந்து மூலை நட்சத்திரம் மாதிரி இருக்கிறது? அழகுக்காக அல்ல. பழைய கோட்டைகளின் மதில் உயரமாகவும் மெல்லியதாகவும் இருக்கும். ஏணி வைத்து ஏறுபவனை அது தடுக்கும். பீரங்கிக் குண்டு பட்டால் அந்த உயரமே அதற்கு எமன், மேலிருந்து சரிந்து விழும். ஆகவே ஐரோப்பாவில் மதிலைத் தாழ்த்தி, தடிப்பாக்கி, பின்னால் மண்ணைக் கொட்டிச் சரிவாகக் கட்டத் தொடங்கினார்கள். மூலைகளைக் கூராக வெளியே நீட்டினார்கள். ஒரு மூலையில் நிற்பவன் அடுத்த மூலையின் அடிமதில் வரை சுடலாம். எதிரி ஒளிந்து நிற்க ஓர் அங்குலமும் கிடையாது. 1658இல் மூன்று மாதத்துக்கு மேல் முற்றுகையிட்டுப் போர்த்துக்கேயரிடமிருந்து கோட்டையைப் பிடித்த ஒல்லாந்தர், அதை இந்தப் புதிய கணக்குப்படி திரும்பக் கட்டினார்கள். வெளிவேலைகள் முடிய 1792 ஆகிவிட்டது. மூன்று வருடம் கழித்து, 1795இல், பிரித்தானியர் வந்தபோது சண்டையில்லாமலே கையளித்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட வருட உழைப்பு.

● கருங்கல் மதிலை விட மண்மதில் பீரங்கிக்குத் தாக்குப்பிடிக்கும். கல்லில் பட்ட குண்டு அதைச் சிதறடிக்கிறது. மண்ணில் பட்ட குண்டோ உள்ளே புதைந்து நின்றுவிடுகிறது. பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை மண்ணால் கட்டியது. 1799இல் கட்டபொம்மன் வீழ்ந்த பின் அதை இடித்துத் தள்ளினார்கள். 1801 பெப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிய அவன் தம்பி ஊமைத்துரையின் ஆட்கள் குறுகிய காலத்தில் அதைத் திரும்ப எழுப்பிவிட்டார்கள். மார்ச் மாதக் கடைசியில் பிரித்தானியக் கும்பினிப்படை மோதி இரத்தம் சிந்தித் திரும்பியது. கூடுதல் பீரங்கிகளை வரவழைத்து, மே 24ஆம் திகதிதான் கேணல் அக்னியூவால் உள்ளே நுழைய முடிந்தது. மண்ணைக் குழைத்துக் கட்டிய குடியானவர்களின் கைவேலை அது.

● அதே அக்னியூ பிறகு சிவகங்கை மருது சகோதரர்களைத் தேடிக் காளையார்கோவில் காட்டுக்குப் போனான். சிறுவயலிலிருந்து காட்டை வெட்டி வெட்டிப் பாதை போட்டார்கள், பீரங்கி போக வேண்டுமே. ஏறத்தாழ ஒரு மாதம் வெட்டினார்கள். ஒவ்வொரு நாளும் மரத்துக்குப் பின்னாலிருந்து அடி விழுந்தது. கடைசியில் அந்தப் பாதையைக் கைவிட்டு வேறு வழியால் போய்த்தான் 1801 ஒக்டோபர் 1ஆம் திகதி காளையார்கோவிலைப் பிடித்தார்கள்.

● எப்போதும் ஐரோப்பியர் கையில்தான் மேலான வெடி இருந்தது என்று நினைக்க வேண்டாம். 1780 செப்ரெம்பர் 10, காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் பொள்ளிலூர். மைசூரின் ஹைதர் அலி, திப்புவின் படை ஏவிய இரும்புக்குழல் ரொக்கெட்டுகளும் பீரங்கிகளும் பிரித்தானியக் கேணல் பெய்லியின் படையைச் சுற்றி வளைத்தன. மருந்து வண்டிகள் வெடித்தன. படை முழுதாக அழிந்தது, பெய்லி பிடிபட்டான். அந்த ரொக்கெட்டைப் பார்த்துப் படித்துத்தான் இங்கிலாந்தில் வில்லியம் கொங்கிரீவ் தன் ரொக்கெட்டைச் செய்தான்.

● 1803 பெப்ரவரியில் பிரித்தானியத் தளபதி மக்டவல் கண்டி நகருக்குள் நுழைந்தபோது, அங்கே சண்டை பிடிக்க யாரும் இல்லை. நகரம் காலி. அரசன் போய்விட்டான், சனமும் போய்விட்டது. பிடித்த நகரத்தில் உட்கார்ந்திருந்த படையைக் காய்ச்சல் தின்றது. யூன் 24ஆம் திகதி அந்தப் படைக்குப் பொறுப்பாயிருந்த மேஜர் டேவி சரணடைந்தான். மகாவலி கடக்க நின்ற இடத்தில் அவனுடைய ஆட்கள் கொல்லப்பட்டார்கள். பீரங்கிக்குச் சுட ஓர் இலக்கு வேண்டும். இலக்கையே எடுத்துவிட்டால்?

● அதே 1803. இப்போது எங்கள் வன்னி.

கண்டிப் போரில் பிரித்தானியர் சிக்குண்டு நின்ற நேரம் பார்த்து வன்னித் தலைவன் பண்டாரவன்னியன் எழுந்தான். ஓகஸ்ட் 25ஆம் திகதி முல்லைத்தீவைத் தாக்கிப் பிடித்தான். அங்கிருந்த காவற்படை கப்டன் வொன் டிறிபேர்க்கோடு கடல்வழியாக யாழ்ப்பாணம் தப்பியது. கோட்டையிலிருந்த பீரங்கி வன்னியன் கைக்கு வந்தது.

பிரித்தானியர் மூன்று பக்கத்தால் வந்தார்கள்: யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு படை, திருகோணமலையிலிருந்து ஒரு படை, மன்னாரிலிருந்து டிறிபேர்க்கின் படை. ஒக்டோபர் 31, விடிகிற நேரம், ஒட்டுசுட்டானுக்கு அருகே கற்சிலைமடுவில் திடீரென்று பாய்ந்தான் டிறிபேர்க். வன்னியன் தோற்றான். பறிகொடுத்த பீரங்கியையும் பிரித்தானியர் மீட்டுக்கொண்டார்கள். அந்த இடத்தில் அவர்கள் நட்ட கல்லில் திகதியும் தோற்கடித்தவன் பெயரும் இருந்தன.

இதை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். சந்தேகமில்லாமல் அவன் வீரன். வவுனியா நகரில் அவன் சிலையைக் கடந்து போகும்போது இன்றும் நெஞ்சு நிமிரும். ஆனால் யாரும் அறியாமல் காட்டைக் கடந்து வந்து பாய்கிற வித்தை, அதுவரை வன்னியனுடைய வித்தை. அன்று அது கைமாறிவிட்டது. பீரங்கி பிடித்தவன் ஓரிடத்தில் இருந்தான். பீரங்கி இழந்தவன் காட்டு வழியால் கால்நடையாக வந்தான்.

● அடுத்த வருடம், 1804இல், கப்டன் ஆதர் ஜோன்ஸ்ரன் மட்டக்களப்பிலிருந்து ஒரு சின்னப் படையோடு கண்டிக்குப் போய், தனித்து மாட்டி, சண்டை பிடித்தபடியே திரும்பி வந்தான். 1810இல் அந்த அனுபவத்தைப் புத்தகமாக்கினான். பாரம் குறை, அணிவகுப்பை விடு, காட்டில் உள்ளவன் மாதிரி நட என்பதுதான் அதன் சாரம். காட்டுப் போரைப் பற்றி ஐரோப்பியர் எழுதிய ஆரம்ப நூல்களில் அது ஒன்று.

● 1817–18இல் ஊவா வெல்லச எழுந்தது. பிரித்தானியர் ஊரை எரித்தார்கள், வயலை எரித்தார்கள், மாட்டைக் கொன்றார்கள். பிறகு வந்த ஆளுநர் எட்வேர்ட் பார்ன்ஸ் காலத்தில் கொழும்பு – கண்டி வீதி கடுகண்ணாவை மலையைக் குடைந்து போடப்பட்டது. முட்கதவும் ஒற்றையடிப் பாதையும் காத்த நாட்டுக்குள் பீரங்கி வண்டி உருண்டு போகத் தொடங்கியது அப்போதுதான். கோப்பித் தோட்டத்துக்கும் அது உதவியது. முதற்காரணம் படைதான்.

● தியத்தலாவையில் 1900ஆம் ஆண்டு ஏறத்தாழ ஐயாயிரம் தென்னாபிரிக்கர்கள் சிறையிருந்தார்கள், தெரியுமா? போயர் என்ற விவசாயிகள். பிரித்தானியப் பேரரசை அவர்கள் கலங்கடித்தது இரண்டு புதுமைகளால்: குண்டு அடுக்கிய துவக்கு, புகையில்லாத மருந்து. பழைய மருந்து சுட்டால் வெண்புகை எழும், சுட்டவன் எங்கே என்று தெரியும். புகையில்லா மருந்தைப் பிரான்சில் போல் வியேய் 1884இல் கண்டுபிடித்த பின், சுட்டவன் எங்கே என்று யாருக்கும் தெரியாது. வரிசையாக நிமிர்ந்து நடந்த படை கண்ணுக்குத் தெரியாத ஆட்களின் சூடு பட்டு விழுந்தது. பளபளக்கும் சிவப்புச் சட்டைக்குக் காலம் போய், உருதில் புழுதி நிறம் என்று பொருள்படும் "காக்கி" வந்தது. ஒளிந்து கிடப்பது கோழைத்தனம் என்று சொல்லி வந்த படைகள், குப்புறப் படுக்கப் பழகின.

● 1916 யூலை 1, முதலாம் உலகப் போர், பிரான்சில் சோம் ஆற்றங்கரை. அதற்கு முன் ஏழு நாட்களாகப் பிரித்தானியப் பீரங்கிகள் ஏறத்தாழ 15 இலட்சம் குண்டுகளைக் கொட்டியிருந்தன. ஒரு புழுவும் உயிரோடு இருக்காது என்று நம்பிப் படை எழுந்து நடந்தது. ஜேர்மானியர் நிலத்துக்கு அடியில் ஆழக் குழி தோண்டி உள்ளே இருந்தார்கள். சத்தம் நின்றதும் இயந்திரத் துவக்கோடு மேலே வந்தார்கள். அந்த ஒரே நாளில் பிரித்தானியப் படையில் 57,000க்கும் மேற்பட்டோர் இறந்தும் காயப்பட்டும் காணாமலும் போனார்கள். அவர்களில் 19,000க்கும் மேற்பட்டோர் செத்தவர்கள். ஏழு நாள் குண்டுமழையைத் தோற்கடித்தது மண்வெட்டி.

● அந்தப் போரின் பதுங்குகுழிகள் நேர்கோட்டில் இருக்கவில்லை, பாம்பு மாதிரி வளைந்து வளைந்து போயின. ஒரு வளைவுக்குள் குண்டு விழுந்தால் அதன் வீச்சும் சன்னமும் அடுத்த வளைவுக்குப் போகாது. வன்னியில் ஏன் "எல்" வடிவத்தில் பங்கர் வெட்டினோம்? அதே காரணம்தான். வாசலில் செல் விழுந்தாலும் மூலை திரும்பி உள்ளே இருப்பவனுக்குத் தப்ப வழி இருக்கும். இதை எங்களுக்கு எந்தப் படைக் கல்லூரியும் சொல்லித்தரவில்லை. மேலே பனங்குற்றியை அடுக்கி, அதன்மேல் மண்மூடை போட்டு, மண்மூடைக்கு மேல் மண் போட்டு, புல் முளைக்க விட்டோம். உள்ளே பாம்பும் தேளும் வரும். ஒரு போத்தல் தண்ணீர், ஒரு ரோச், பிள்ளைகளுக்கு பிஸ்கட், அடையாள அட்டைப் பை. இவ்வளவும் எப்போதும் வாசலோரம்.

● முல்லைத்தீவில் பீரங்கி பறிபோன கதை 193 வருடம் கழித்துத் திரும்ப நடந்தது. 1996 யூலை 18ஆம் திகதி விடுதலைப் புலிகள் முல்லைத்தீவுப் படைமுகாமைத் தாக்கியபோது இரண்டு 122 மில்லிமீற்றர் ஆட்லறிகளைக் கைப்பற்றினார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட படையினர் உயிரிழந்தார்கள். அதுவரை தூரத்திலிருந்து செல் அடிக்கும் வல்லமை பெரிதும் ஒரு பக்கத்தில் இருந்தது. அன்றிலிருந்து இரு பக்கமும். காட்டுக்குள் அடித்துவிட்டு மறைந்த படை, எல்லை பிடித்து நிற்கும் படையாக மாறும் பாதையில் அது பெரிய அடி. எல்லை பிடித்து நிற்பவனைத் தேடி இன்னும் பெரிய வெடி வரும். கற்சிலைமடுவை நான் மறக்காமல் இருப்பது இதனால்தான்.

● 1997 மே 13ஆம் திகதி இலங்கை இராணுவத்தின் "ஜயசிக்குறு" நடவடிக்கை தொடங்கியது. வவுனியாவிலிருந்து கிளிநொச்சி வரை ஏ9 வீதியைத் திறப்பது நோக்கம். தாங்கி, ஆட்லறி, கிபிர் விமானம் எல்லாம் இருந்தன. இருந்தும் புளியங்குளம் போன்ற ஊர்களுக்கு மாதக்கணக்கு எடுத்தது. ஒன்றரை வருடம் கழித்து, 1998 டிசெம்பரில், வீதி முழுதாகத் திறபடாமலே அதை நிறுத்தினார்கள். காரணம் வெளிப்படையானது. ஒரே வீதி, எதிரே இருப்பவனுக்கு எங்கே காத்திருக்க வேண்டும் என்று தெரியும். 1999 நவம்பரில் அந்த ஒன்றரை வருட நிலம் சில நாட்களில் கைமாறியது.

● அந்தத் தோல்வியிலிருந்து இலங்கை இராணுவம் படித்தது. 2006க்குப் பிந்திய போரில் வீதியை விட்டுக் காட்டுக்குள் இறங்கினார்கள். எட்டுப் பேர் கொண்ட சிறு அணிகளைப் பயிற்றி, ஒரே நேரத்தில் பல முனைகளில் அனுப்பினார்கள். 1918இல் ஜேர்மானியர் கையாண்ட சிறு அணி முறையும் இதே வகை. எதிர்ப்பக்கம் புலிகள் நாச்சிக்குடாவிலிருந்து அக்கராயன் பக்கமாக நீண்ட மண் அணை எழுப்பினார்கள், முன்னால் அகழி. பாஞ்சாலங்குறிச்சியின் மண்மதில் வன்னியில் திரும்ப எழும்பியது. முன்பு காட்டை நம்பியவன் மதிலை நம்பினான், முன்பு வீதியை நம்பியவன் காட்டுக்குள் நடந்தான்.

● 2000ஆம் ஆண்டு ஆனையிறவு வீழ்ந்த பின் இலங்கை அரசு செக்கோஸ்லோவாக்கியத் தயாரிப்பான பல்குழல் எறிகணைச் செலுத்திகளை வாங்கியது. ஒரு வண்டியில் 40 குழல். நாற்பதையும் அரை நிமிடத்துக்குள் ஏவிவிடும். சனம் அதை "மல்ரி பரல்" என்று சொன்னது. ஒற்றைச் செல் என்றால் "குத்துகிற" சத்தம் கேட்டுப் படுக்க ஒரு கணம் இருக்கும். மல்ரி பரலில் அந்தக் கணம் கிடையாது. ஆறு வயதுப் பிள்ளை சத்தத்தை வைத்து எது கிபிர், எது வண்டு, எது ஆட்லறி என்று சொல்லும். "வண்டு" என்றால் ஆளில்லா வேவு விமானம். அது சுற்றத் தொடங்கினால் சனம் பங்கர் வாசலுக்கு நெருங்கும். அடுத்து என்ன வரும் என்று எல்லாருக்கும் தெரியும்.

● கடைசி மாதங்களில், 2009இல், முல்லைத்தீவுக் கரையோரத்தில் மண்மூடைக்குச் சாக்கு இல்லை. பெண்கள் தங்கள் சேலைகளை வெட்டி மூடை தைத்தார்கள். கூறைச்சேலை, பட்டுச்சேலை, அம்மா தந்த சேலை. கடற்கரை மணலில் பங்கர் நிற்காது, சரியும். சேலை மூடைதான் சுவரைத் தாங்கிப் பிடித்தது. போர் முடிந்த பிறகு எடுத்த படங்களில் அந்த நிறங்கள் மணலுக்குள் தெரிகின்றன. படைகளுக்குப் பின்வாங்கவும் பிரிந்து போகவும் மறையவும் வழி உண்டு. கைக்குழந்தையோடு நிற்பவளுக்கு மண் மட்டும்தான். ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011இல் கொடுத்த அறிக்கை, அரசாங்கமே அறிவித்த பாதுகாப்பு வலயங்களுக்குள் அரசபடையின் எறிகணைகள் விழுந்ததையும், புலிகள் சனத்தை வெளியேற விடாமல் தடுத்துச் சுட்டதையும் பதிவு செய்தது. இறந்த பொதுமக்கள் 40,000 வரை இருக்கலாம் என்றது. அரசாங்கம் அந்த அறிக்கையை ஏற்கவில்லை. இதைத் துணுக்காக எழுத எனக்குக் கை வரவில்லை. எழுதாமல் விடவும் முடியவில்லை.

● வியட்நாமில் அமெரிக்க விமானத்துக்கும் ஆட்லறிக்கும் தப்ப ஒரு வழி கண்டார்கள்: எதிரியை ஒட்டியே நில், அவனுடைய இடுப்புப்பட்டியைப் பிடித்தபடி சண்டை பிடி. அவ்வளவு பக்கத்தில் நின்றால் குண்டு போடுபவன் தன் ஆளையும் சேர்த்துத்தான் கொல்ல வேண்டும். அங்கே ஒளிந்திருக்கத் தோண்டிய கூ சி சுரங்கங்கள் 200 கிலோமீற்றருக்கு மேல் நீண்டவை. உள்ளே குசினியும் வைத்தியசாலையும் இருந்தன.

● இப்போது உக்ரேனில் ட்ரோன். வானத்தில் எப்போதும் ஒரு கண் இருப்பதால் போர்முனையில் தாங்கிகள் கூட்டமாகப் போவது அரிதாகிவிட்டது. வீரர்கள் இரண்டு மூன்று பேராக நடக்கிறார்கள், மோட்டார் சைக்கிளில் ஓடுகிறார்கள். வீதிகளுக்கு மேல் கிலோமீற்றர் கணக்கில் மீன்வலை கட்டியிருக்கிறார்கள், ட்ரோன் சிக்குவதற்காக. ஐரோப்பிய மீனவர்கள் பாவித்துக் கழித்த வலைகள். கோடிக்கணக்கில் செலவழித்துச் செய்த ஆயுதங்கள் நிற்கும் இடத்தில், முல்லைத்தீவுக் கரையில் நாளும் காணக் கிடைக்கிற ஒரு பொருள்.

● பெரிய படையை மெதுவாக்க எளியவன் கையில் எடுப்பது மிதிவெடி. பெரிய படையும் தன் முகாமைக் காக்க அதையே புதைக்கிறது. வன்னியில் இரண்டு பக்கமும் புதைத்தார்கள். மிதிவெடிக்குப் போர் முடிந்தது தெரியாது. இலங்கை மிதிவெடித் தடை உடன்படிக்கையில் 2017 டிசெம்பரில் சேர்ந்தது. நிலத்தைத் துப்புரவாக்கி முடிக்க 2028 யூன் வரை காலக்கெடு. வெடி அகற்றுகிறவர்கள் முழங்காலில் இருந்து ஒரு சாண் ஒரு சாணாக மண்ணைச் சுரண்டுகிறார்கள். அவர்களில் பெண்கள் நிறையப் பேர். போரில் வீட்டுக்காரரை இழந்தவர்களும் உண்டு.

ஆகையால் பிள்ளைகளே, விறகுக்கும் பாலைப்பழத்துக்கும் காட்டோரம் போனால் சிவப்பு மண்டையோட்டுப் பலகையைத் தாண்டாதீர்கள். வயல் உழும்போதோ கிணறு இறைக்கும்போதோ குளக்கட்டு வெட்டும்போதோ துருப்பிடித்த இரும்பு எதையும் கண்டால் தொடவேண்டாம், தட்டவேண்டாம், பழைய இரும்புக்காரரிடம் விற்க எடுக்கவும் வேண்டாம். வந்த அடியிலேயே திரும்பி நடந்து, இடத்தைப் பெரியவர்களுக்குக் காட்டி, 119க்கு அழைத்துப் பொலிசுக்குச் சொல்லுங்கள்.